கிடைக்காத வலது தமனி: ஒரு நிகழ்வு ஆய்வு

## பின்னணி

நோயாளி 38 வயது ஆண். புகைப்பழக்கம் இல்லை, சர்க்கரை இல்லை, ரத்தக்கொதிப்பு இல்லை. குடும்பத்தில் இளவயதில் யாரும் திடீரென்று இறந்ததில்லை. வாரத்துக்கு நான்கு நாள் ஓடுகிறவர். அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்; ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இதில் என் பங்கு, அவருடைய இதய சி.டி. ஸ்கேனைப் படித்து அறிக்கை எழுதியது. அதற்கு முன் நடந்தவை கோப்பிலிருந்தும் அவர் சொன்னதிலிருந்தும் எடுத்தவை.

தொந்தரவு மேட்டில் ஓடும்போது தொடங்கியது. நெஞ்சின் நடுவில் ஓர் இறுக்கம். நின்றால் இரண்டு நிமிடத்தில் போய்விடும். சமதளத்தில் நிதானமாக ஓடினால் ஒன்றும் இருக்காது. முதலில் பார்த்த மருத்துவர் ஈ.சி.ஜி., எக்கோ, ட்ரெட்மில் மூன்றும் எடுத்தார். ஈ.சி.ஜி. சரியாக இருந்தது. எக்கோவில் இதயத்தின் அளவு, சுருங்கும் திறன், வால்வுகள் எல்லாம் நன்றாக இருந்தன. ட்ரெட்மில்லில் 12 நிமிடம் ஓடி, நாடித்துடிப்பு 176 வரை போயும் ஈ.சி.ஜி.யில் எந்த மாற்றமும் இல்லை. நெஞ்செரிச்சல் என்று மாத்திரை எழுதித் தந்தார்கள். அந்த வயதில், அந்த முடிவுகளோடு வந்தவரை வேறு எப்படி நினைப்பார்கள் என்று எனக்கும் தோன்றுகிறது. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். எக்கோ அறிக்கையில், இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் இதயத் தமனிகள் எங்கிருந்து கிளம்புகின்றன என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

மூன்று மாதம் கழித்து, பயிற்சியின் முடிவில் வேகமாக ஓடி நின்றபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. முழுதாக மயங்கவில்லை; தரையில் உட்கார்ந்துவிட்டார். கூட இருந்தவர்கள் தண்ணீர் குறைந்திருக்கும் என்றார்கள். அவர் மனைவி மட்டும் விடவில்லை. அடுத்த வாரமே இதய மருத்துவரிடம் கூட்டிப் போனார்.

## ஆஞ்சியோகிராமில் நடந்தது

வேறொரு மருத்துவமனையில் கை வழியாக ஆஞ்சியோகிராம் செய்தார்கள். இடது பக்கத் தமனிகள் சுத்தம். வலது தமனிதான் கிடைக்கவில்லை. வழக்கமாக வலது தமனிக்குப் பயன்படும் கதீட்டரை (உள்ளே செலுத்தும் மெல்லிய குழாய்), இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாயான மகாதமனியின் வேரில் வலப்புறமாகத் திருப்பினால் அது தானாகப் போய் அமரும். இங்கே அமரவில்லை. நான்கு வகைக் கதீட்டர்களை மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். நேரமும், குழாய்களைப் படத்தில் காட்டும் டையும் கூடிக்கொண்டே போக, கடைசியில் மகாதமனியின் வேரிலேயே டையைப் பாய்ச்சிப் படம் எடுத்தார்கள். வலது தமனி மங்கலாகத் தெரிந்தது. அடைப்பு மாதிரி எதுவும் இல்லை.

அறிக்கையில் எழுதியது இதுதான் (‘ஹூக்’ என்றால் கதீட்டர் தமனியின் வாயில் போய் அமர்வது): ‘வலது தமனி: நேரடியாக ஹூக் ஆகவில்லை. குறிப்பிடத்தக்க அடைப்பு இல்லை.’ முடிவுப் பகுதிக்கு வந்தபோது முதல் வாக்கியம் காணாமல் போயிருந்தது. ‘இயல்பான இதயத் தமனிகள்’ என்று மட்டும் இருந்தது.

இந்த ஆய்வை எழுத உட்காரவைத்தது அந்த இடைவெளிதான். முடிவை மட்டும் படித்த ஒருவர், இவருக்கு இதயத்தில் ஒன்றுமில்லை என்று கோப்பை மூடிவிடலாம். நல்லவேளையாக, சிகிச்சை தந்த இதய மருத்துவர் முழு அறிக்கையையும் படிக்கிறவர். ஒரு தமனி இருக்க வேண்டிய இடத்தில் இல்லையென்றால் அது வேறெங்கோ இருக்கிறது என்று அவர் எடுத்துக்கொண்டார். சி.டி. கோரிக்கைப் படிவத்தில் இரண்டே வரி எழுதியிருந்தார்: ‘ஓடும்போது நெஞ்சு இறுக்கம், மயக்கம் வரும் நிலை. வலது தமனியின் தொடக்கம் தெரியவில்லை, தேடித் தரவும்.’ இப்படி ஒரு கோரிக்கை வந்தால் படம் எடுக்கும் விதமே மாறிவிடுகிறது.

## சி.டி. எடுத்தது

இயல்பான அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். மகாதமனியின் வேரில், வால்வுக்குச் சற்று மேலே, மூன்று குழிவுகள் உண்டு. அவற்றை சைனஸ் என்கிறோம். வலது சைனஸிலிருந்து வலது தமனி, இடது சைனஸிலிருந்து இடது தமனி. மூன்றாவதிலிருந்து எதுவும் கிளம்பாது. இந்த ஒழுங்கு மாறிப் பிறப்பவர்கள் உண்டு. 1990-இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பில் 1,26,595 பேரின் ஆஞ்சியோகிராம்களைப் பார்த்ததில், ஏதாவது ஒரு வகை மாறுபாடு இருந்தவர்கள் சுமார் 1.3 சதவீதம். அவர்களில் பெரும்பாலோருக்கு அதனால் எந்தக் கெடுதலும் இல்லை. கெடுதல் செய்யும் சில வகைகளை மற்றவற்றிலிருந்து பிரித்துச் சொல்வதுதான் படம் படிப்பவரின் வேலை.

அவர் வந்தபோது நாடித்துடிப்பு 74. தமனியின் தொடக்கப் பகுதி மில்லிமீட்டர் கணக்கில் உள்ள விஷயம். துடிப்பு அதிகமானால் படம் கலங்கும். துடிப்பைக் குறைக்கும் மெட்டோபிரோலால் மாத்திரை 50 மி.கி. கொடுத்து ஒரு மணி நேரம் காத்திருந்தோம், அப்புறம் நரம்பு வழியாகக் கொஞ்சம். 58-க்கு இறங்கியது. நாக்குக்கு அடியில், தமனிகளை விரிக்கும் நைட்ரோகிளிசரின். வினாடிக்கு 5 மி.லி. வீதம் 70 மி.லி. டை. 0.6 மி.மீ. தடிமனில் துண்டுகள்.

படம் எடுக்கும்போது நடுவில் ஒரு கூடுதல் துடிப்பு விழுந்தது. அதனால் மகாதமனியின் வேருக்குச் சரியாக அருகில் படத்தில் ஒரு படி விழுந்திருந்தது, துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் விலகியது மாதிரி. மீண்டும் எடுப்பதா என்று யோசித்தோம். கதிர்வீச்சும் டையும் இன்னொரு முறை போகும். முதலில், இதயம் தளர்ந்திருக்கும் கட்டத்துக்குப் பதிலாகச் சுருங்கும் கட்டத்தின் தரவை எடுத்துப் படத்தை மறுபடி அமைத்துப் பார்த்தோம். படி மறைந்தது. அந்தக் கட்டத்துக்கும் சேர்த்துத் தரவு எடுத்து வைத்திருந்ததால்தான் இது முடிந்தது. கதிர்வீச்சைக் குறைக்க ஒரே கட்டத்தை மட்டும் எடுக்கும் முறை நல்லதுதான். ஆனால் தொடக்கத்தைத் தேடும் நோயாளிக்கு நான் கொஞ்சம் தாராளமாகவே எடுப்பேன்.

## கண்டது

வலது தமனி இடது சைனஸிலிருந்து கிளம்பியது. இடது தமனியின் வாய்க்குப் பக்கத்தில், தனி வாயாக. அங்கிருந்து மகாதமனிக்கும் நுரையீரல் தமனிக்கும் இடையே புகுந்து வலப்பக்கம் வந்து, அதன்பின் தன் வழக்கமான பாதையில் போனது. சுண்ணாம்புப் படிவு, கொழுப்புப் படிவு எதுவும் இல்லை.

எதிர் வகையும் உண்டு. இடது தமனி வலது சைனஸிலிருந்து கிளம்பி இதே இடைவெளியில் போவது அரிது, ஆனால் அதிக ஆபத்தானது. வலது தமனி இப்படிப் போவது அதைவிடப் பரவலாகக் காணப்படுவது, ஆபத்தும் ஒப்பீட்டளவில் குறைவு. அந்தக் ‘குறைவு’ எவ்வளவு குறைவு என்பதில்தான் எல்லாச் சிக்கலும்.

என் முதல் அறிக்கை சுருக்கமாக இருந்தது. ‘வலது தமனி இடது சைனஸிலிருந்து தொடங்கி, இரு பெருங்குழாய்களுக்கு இடையே செல்கிறது. அடைப்பு இல்லை.’ தேடச் சொன்னதைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டேன் என்ற திருப்தியில் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் இதய அறுவை மருத்துவர் போன் செய்தார். “தமனி எங்கே இருக்குன்னு சொல்லிட்டீங்க, சரி. அது எப்படி இருக்குன்னு சொல்லலையே?” என்றார். அவர் கேட்டவை: வாய் வட்டமா, கீற்றா? எந்தக் கோணத்தில் கிளம்புகிறது? மகாதமனியின் சுவருக்குள்ளேயே எவ்வளவு தூரம் ஓடுகிறது? அந்தப் பகுதி, வால்வு இதழ்கள் இரண்டு சுவரில் சேரும் முனைக்கு மேலேயா, கீழேயா?

எல்லாம் படத்திலேயே இருந்தவை. நான் அளக்கவில்லை, அவ்வளவுதான்.

மறுபடி உட்கார்ந்து அளந்தேன். வாய் ஒரு கீற்று: 1.2 மி.மீ. உயரம், 3.4 மி.மீ. நீளம். இரண்டு சென்டிமீட்டர் தள்ளி அதே தமனி 3.3 மி.மீ. விட்டமுள்ள நல்ல வட்டம். அதாவது தொடக்கத்தில் குறுக்குப் பரப்பு பாதிக்கும் கீழே. கிளம்பும் கோணம் சுமார் 20 பாகை, சுவரோடு ஒட்டிக்கொண்டு போவது மாதிரி. முதல் 8 மி.மீ. தூரத்துக்குத் தமனி நீள்வட்டமாக நசுங்கியிருந்தது, அதைச் சுற்றிக் கொழுப்பும் இல்லை. மகாதமனிச் சுவரின் அடுக்குகளை சி.டி.யில் நேரடியாகப் பார்க்க முடியாது. ஆனால் இந்த அடையாளங்கள் ஒன்றாக வந்தால், அந்தத் துண்டு சுவருக்குள்தான் ஓடுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். கடைசிக் கேள்விக்கான பதில்தான் பிறகு எல்லாவற்றையும் மாற்றியது: அந்த 8 மி.மீ. துண்டு, இதழ்கள் சேரும் முனைக்குச் சற்றுக் கீழே அதன் பின்புறமாகப் போனது.

இங்கே ஒரு பொதுவான தவறான எண்ணத்தைச் சொல்ல வேண்டும். இரண்டு பெரிய குழாய்கள் நடுவில் இருக்கும் சின்னக் குழாயை நசுக்கிவிடுகின்றன என்றுதான் நெடுநாள் விளக்கிவந்தோம். ஆனால் நுரையீரல் தமனியின் அழுத்தம் குறைவானது. அது பெரிதாக எதையும் நசுக்காது. உண்மையான நெருக்கடி மகாதமனியின் சுவருக்குள் இருக்கிறது. உடற்பயிற்சியில் மகாதமனி அழுத்தமேறி விரியும்போது, சுவருக்குள் ஓடும் துண்டு இன்னும் தட்டையாகிறது, கீற்று வாய் இன்னும் இறுகுகிறது. துடிப்பு கூடும்போது, இதயத் தசைக்கு ரத்தம் போகும் தளர்வு நேரமும் சுருங்குகிறது. அதனால் ‘இடையே செல்கிறது’ என்ற என் முதல் வரி உண்மையாக இருந்தும் போதாத வரி.

## ட்ரெட்மில் ஏன் எதையும் காட்டவில்லை

நோயாளி என்னிடம் நேராகவே கேட்டார்: “டாக்டர், 12 நிமிஷம் ஓடினேனே, அதுல ஒண்ணும் தெரியலையே?”

நியாயமான கேள்வி. இந்த நெருக்கடி எப்போதும் வருவதில்லை. அழுத்தம், உடலின் நீர் அளவு, எவ்வளவு வேகமாக முயற்சி கூடுகிறது என்று பல சேர்ந்தால்தான் வருகிறது. ட்ரெட்மில் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை படிப்படியாக ஏற்றுவது. மைதானத்தில் திடீரென்று பாய்வது வேறு. இப்படிப்பட்ட அமைப்போடு திடீரென்று இறந்த 27 இளம் விளையாட்டு வீரர்களைப் பற்றிய ஆய்வு ஒன்று 2000-இல் வெளியானது. அவர்களில் 23 பேருக்கு இடது தமனி, 4 பேருக்கு வலது தமனி இடம் மாறியிருந்தது. இறப்பதற்கு முன் ஈ.சி.ஜி. எடுத்திருந்த 9 பேருக்கும் அது இயல்பு. உடற்பயிற்சி ஈ.சி.ஜி. எடுத்திருந்த 6 பேருக்கும் அதுவும் இயல்பு. இதைப் படித்த பிறகு நான் ட்ரெட்மில் முடிவை இந்த இடத்தில் ஆறுதலாக எடுத்துக்கொள்வதில்லை.

“இத்தனை வருஷம் ஓடியிருக்கேனே” என்பது அவருடைய அடுத்த கேள்வி. அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் பீட் மாராவிச்சைப் பற்றிச் சொன்னேன். இடது தமனியே இல்லாமல் பிறந்தவர். பத்து ஆண்டு தொழில்முறைப் போட்டிகளில் ஆடினார். 1988 ஜனவரியில், 40 வயதில், நண்பர்களோடு ஆடிக்கொண்டிருந்தபோது விழுந்து இறந்தார். பிரேதப் பரிசோதனையில்தான் தெரிந்தது. சொன்ன பிறகு, நோயாளியிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது. அவர் முகம் மாறிவிட்டது. இப்போது அந்தக் கதையைச் சக மருத்துவர்களிடம் மட்டும் சொல்கிறேன்.

## முடிவெடுத்த விதம்

வலது தமனி இடம் மாறியிருப்பதாலேயே எல்லாரையும் அறுவைக்கு அனுப்புவதில்லை. தொந்தரவே இல்லாமல் தற்செயலாகத் தெரியவந்தால், பெரும்பாலும் கவனித்து வருவதுதான். இவருக்கு அறிகுறி இருந்தது. அது இந்தத் தமனியால்தான் என்று காட்ட முடியுமா என்பது கேள்வி.

அதற்கு, இதயத்தை வேகமாகவும் அழுத்தமாகவும் துடிக்க வைக்கும் டோப்யுடமின் என்ற மருந்தைக் கொடுத்து இதய எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். அடினோசின் கொடுத்துச் செய்யும் சோதனையும் இருக்கிறது. அது தமனிகளை விரிக்குமே தவிர, இதயத்தை வேகமாகவும் அழுத்தமாகவும் துடிக்க வைக்காது. இங்கே துடிப்பும் அழுத்தமும்தான் நோயைக் கிளப்புவது, அதனால் டோப்யுடமின். உச்ச அளவில் இதயத்தின் கீழ்ச் சுவரில் ஒரு பகுதி சரியாகச் சுருங்கவில்லை. மருந்தை நிறுத்தியதும் சரியானது. தழும்பு எதுவும் இல்லை. கீழ்ச் சுவர், வலது தமனியின் பகுதி. அவருக்கு நெஞ்சு இறுக்கம் வந்ததும் அதே நேரத்தில்.

இதய மருத்துவர், அறுவை மருத்துவர், நான் மூவரும் உட்கார்ந்து பேசினோம். பெரியவர்களின் பிறவி இதயக் குறைபாடுகளுக்காக 2018-இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல், அறிகுறியோ ரத்த ஓட்டக் குறைவுக்கான சான்றோ இருந்தால் வலது தமனிக்கும் அறுவையைப் பரிந்துரைக்கிறது. இவருக்கு இரண்டும் இருந்தன. துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மருந்து கொடுத்து, அவர் ஓடுவதை நிறுத்திவிடலாம் என்ற வழியை நோயாளியிடம் ஒளிக்காமல் வைத்தோம். வாழ்நாள் முழுக்க பயந்துகொண்டே படியேற முடியாது என்றார்.

ஸ்டென்ட் பற்றிப் பேச்சு வந்து சீக்கிரமே முடிந்தது. 38 வயதுக்காரருக்கு, நசுங்கும் இடத்தில், இத்தனை கூர்மையான கோணத்தில் ஸ்டென்ட் வைக்க யாருக்கும் மனம் வரவில்லை. பைபாஸும் அப்படித்தான், ஆனால் காரணம் வேறு. ஓய்வில் இவருடைய சொந்தத் தமனியில் ரத்தம் தாராளமாக ஓடுகிறது. புதிதாக ஒட்டும் குழாய் அதோடு போட்டி போட்டு, ஓட்டம் குறைந்து, நாளடைவில் மூடிக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

மிச்சம் இருந்தவை இரண்டு. சுவருக்குள் ஓடும் துண்டை மகாதமனியின் உள்பக்கமிருந்து திறந்துவிட்டு அகலமான வாய் அமைப்பது ஒன்று. இந்த அமைப்புக்குப் பரவலாகச் செய்வது இதுதான், அறுவை மருத்துவரின் முதல் விருப்பமும் இதுவே. ஆனால் அந்தத் துண்டு வால்வு இதழ்கள் சேரும் முனைக்குக் கீழே போகிறதென்றால், அதைத் திறக்கும்போது முனையின் பிடிப்பு போய்விடும். வால்வு ஒழுகத் தொடங்கலாம். நான் இரண்டாவது முறை அளந்ததில் துண்டு கீழே இருந்தது. அதனால் அவர் மற்ற வழியைத் தேர்ந்தெடுத்தார்: சுவரிலிருந்து வெளிவரும் இடத்தில் தமனியை வெட்டி, பழைய வாயைத் தைத்து மூடி, தமனியை வலது சைனஸில், அதன் இயல்பான இடத்திலேயே பொருத்துவது.

## பின்பு நடந்தவை

அறுவை திட்டப்படி நடந்தது. உள்ளே பார்த்ததும் படத்தில் பார்த்ததும் ஒத்துப்போயின என்று அறுவை மருத்துவர் சொன்னார். முனைக்கும் துண்டுக்கும் உள்ள தூரத்தை மட்டும் நான் கொஞ்சம் குறைத்துச் சொல்லியிருந்தேனாம்.

மூன்றாவது வாரம் நோயாளி மீண்டும் நெஞ்சுவலியோடு வந்தார். எல்லாரும் ஒரு கணம் உறைந்தோம். மூச்சை இழுத்தால் கூடும் வலி, லேசான காய்ச்சல், இதய உறையில் சிறிது நீர். அறுவைக்குப் பின் வரும் இதய உறை அழற்சி. மருந்தில் அடங்கியது. தமனியைப் பற்றி இருந்த கவலையில், பொருத்திய இடம் அடைத்துவிட்டதோ என்றுதான் முதலில் பயந்தோம். அதற்காக எடுத்த சி.டி.யில் புதிய வாய் வட்டமாக, அகலமாகத் திறந்திருந்தது.

மூன்று மாதம் முடிந்து டோப்யுடமின் எம்.ஆர்.ஐ.யை மறுபடி செய்தார்கள். கீழ்ச் சுவர் நன்றாகச் சுருங்கியது, இறுக்கம் வரவில்லை. நடையில் தொடங்கி மெல்ல ஓட்டத்துக்கு விட்டார்கள். ஒரு வருடத்துக்குப் பிறகு பார்த்தபோது, மேட்டில் ஓடுகிறேன், ஆனால் கடைசிப் பாய்ச்சல் மட்டும் போகிறதில்லை என்றார். அதைத் தடுத்தது நாங்கள் இல்லை. அவரே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு.

## எதை மாற்றினோம், எது மாறவில்லை

என் அறிக்கைப் படிவத்தை மாற்றினேன். தமனி இடம் மாறிக் கிளம்பினால் வாயின் வடிவம், கோணம், சுவருக்குள் ஓடும் நீளம், இதழ் முனைக்கு மேலா கீழா, எந்தப் பக்கத் தமனி இதயத்தின் பின்புறத்துக்கு முதன்மையாக ரத்தம் தருகிறது ஆகியவற்றை நிரப்பாமல் கையெழுத்துப் போட முடியாது. பாதை வகையையும் தெளிவாக எழுத வேண்டும். முக்கியமாக இடது தமனி விஷயத்தில், இரு குழாய்களுக்கு இடையே போவதும், அதற்குக் கீழே இறங்கி இதயத் தசைக்குள் புகுந்து போவதும் மேலோட்டமான பார்வைக்கு ஒன்று போலத் தெரியும். இரண்டாவது வகை பொதுவாகத் தொல்லை தராதது. இரண்டையும் குழப்பினால் தேவையில்லாமல் ஒருவருடைய நெஞ்சைத் திறக்க நேரிடும்.

எங்கள் எக்கோ பிரிவிலும், ஓடும்போது மயக்கமோ நெஞ்சு இறுக்கமோ வந்த இளவயதினருக்கு இரண்டு தமனிகளின் வாயையும் தேடிப் பார்த்து, தெரிந்தால் தெரிந்தது என்றும் தெரியாவிட்டால் தெரியவில்லை என்றும் எழுதுகிறார்கள். பெரியவர்களில் பல நேரம் தெரிவதில்லை. பரவாயில்லை, ‘தெரியவில்லை’ என்ற சொல் அடுத்தவரைத் தேட வைக்கும்.

ஆஞ்சியோகிராம் செய்த மருத்துவரிடமும் பேசினேன். கொஞ்சம் தயங்கித்தான் போன் செய்தேன், அவர் வருத்தப்படவில்லை. அந்த நாளில் டை அளவு மீறிக்கொண்டிருந்ததையும், அடுத்த நோயாளி வெளியே காத்திருந்ததையும் சொன்னார். முடிவுப் பகுதியில் இருந்த ‘இயல்பு’ என்பது அவர் தட்டச்சு செய்ததில்லை, பழைய படிவத்தில் தானாக வந்து விழுந்த வரி என்றார். அந்த வரியை இப்போது எடுத்துவிட்டார்களாம்.

நோயாளிக்கு இரண்டு குழந்தைகள். இது பெரும்பாலும் குடும்பத்தில் தொடரும் கோளாறில்லை, அரிதாக மட்டும் அப்படிக் காணப்பட்டிருக்கிறது என்று சொன்னோம். அவர் மனைவி இந்த முறையும் விடவில்லை. குழந்தைகளின் நெஞ்சில் எக்கோவுக்கு வழி நன்றாகவே கிடைக்கும், இருவருக்கும் எடுத்தோம். இருவருக்கும் வலது தமனி வலது சைனஸில் இருந்தது.